கோழிக்குண்டு

சுள்ளிமேட்டில் அமராவதியின் செவலைக் கோழி முதல் குண்டைப் போட்டது ஆனி மாதம் இருபத்தெட்டாம் தேதி காலை ஒன்பது மணிக்கு, நெளிந்த அலுமினியச் சட்டிக்குள், டங்கென்று ஒரு சத்தத்தோடு. வழக்கம்போல முட்டை போட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டு கோழி வாசலுக்குப் போய் ஊருக்கெல்லாம் கேட்கக் கொக்கரித்தது, முட்டை எடுக்கக் கையை விட்ட அமராவதிக்கு வெதுவெதுவென்று இலந்தைப்பழம் அளவில் பளபளக்கும் இரும்புக் குண்டு ஒன்று கிடைத்தது. அவள் அதை முந்தானையில் துடைத்து வெயிலில் காட்டிப் பார்த்துவிட்டு, "அளவு சரியா இருக்கோணுமே சாமி" என்றுதான் முதலில் சொன்னாள். கோழி எப்படியம்மா இரும்பைப் போடும் என்று கேட்டுக்கொண்டிருக்க அவளுக்கு நேரமில்லை, அவளுடைய குட்டி டிராக்டர் பதினேழு நாளாகக் கியர்பாக்ஸைத் திறந்துபோட்டபடி வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தது.

அந்த டிராக்டரைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அமராவதி பக்கத்து முட்டைப் பண்ணை ஒன்றில் பதினோரு வருஷம் முட்டை அடுக்கியவள். அட்டைக்கு முப்பது, முப்பது முப்பதாக, எச்ச நெடியில், விசிறி இரைச்சலில், கனவில்கூட அடுக்கி அடுக்கி, ஒரு நாள் கையிலிருந்த அட்டையை மெதுவாகக் கீழே வைத்து, "இனி செத்தாலும் இந்தப் பக்கம் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்து, சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் போட்டு மூன்றாம் கையாக வாங்கிய வண்டி அது. குட்டியாக இருந்ததுதான் அதன் பெருமை. ஊருக்கு மேற்கே கரட்டுக் குன்றுக்கு அந்தப் பக்கம் பதினாலு குடும்பங்களுக்கு அரை ஏக்கரும் முக்கால் ஏக்கருமாக மானாவாரிக் காடு இருக்கிறது, அங்கே போக இருக்கிற ஒரே வழி இரண்டு கற்சுவர்களுக்கு நடுவே போகும் சந்து, பெரிய டிராக்டர் எதுவும் அதற்குள் தோளை நுழைக்க முடியாது, உழவு மாடு ஒரு ஜோடிகூட ஊரில் மிச்சமில்லை. ஆக ஆடி மழைக்கு அந்தப் பதினாலு காட்டிலும் கடலைக்காய் விதை விழ வேண்டுமானால், மட்கார்டு சுவரில் உரச உரச அமராவதிதான் உள்ளே போயாக வேண்டும். 'அட்டைக்காரி' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த ஊர் 'டிராக்டர்க்காரம்மா' என்று கூப்பிட ஆரம்பித்து மூன்று வருஷமாகிறது, அந்தப் பேரின் மேல் அவளுக்கு இருந்த ஆசை கொஞ்சநஞ்சமில்லை.

அந்த வண்டிதான் ஆனி பதினோராம் தேதி மூன்றாவது கியரில் கீச்சென்று கத்திவிட்டு நின்றுபோனது. மெக்கானிக் தாவூது பாய் வந்து கியர் எண்ணெயை இறக்கி, ஒரு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து வெயிலில் காட்டினார், உள்ளங்கை முழுக்க வெள்ளிப் பொடி மினுங்கியது.

"தங்கச்சி, பேரிங்கு போச்சு" என்றார். "எட்டுக் குண்டுல ஒண்ணு ரெண்டா பொளந்து கெடக்கு, மத்த ஏழும் சொத்தை. இதை மாத்தாம ஓட்டுனீன்னா பல்லுச் சக்கரம் மொத்தமும் போயிரும்."

அமராவதி அந்தத் தேய்ந்த பேரிங்கை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். நாமக்கல்லில் கேட்டாள், சேலத்தில் கேட்டாள், ஈரோட்டில் கேட்டாள், கோயமுத்தூரில் போய்க் கேட்டாள். கடைக்காரர்கள் பேரிங்கை வாங்கி, அழிந்துபோன நம்பரை நகத்தால் சுரண்டி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "உள் அளவு இருக்குதுங்க்கா, வெளி அளவும் இருக்குதுங்க்கா, கனந்தான் ஒத்து வரமாட்டீங்குது" என்று திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு கடையில் ஒரிஜினல் பதினாலாயிரம் ஆகும், வர நாற்பது நாள் ஆகும், அதுவும் வந்தால்தான் நிச்சயம் என்றார்கள், அவளிடம் பதினாலாயிரமும் இல்லை, நாற்பது நாளும் இல்லை. இன்னொரு கடையில் "இந்த வண்டி வர்றதே நின்னு போச்சே, நீங்க இன்னும் ஓட்றீங்களா!" என்று ஆச்சரியப்பட்டு, தேய்ந்த பேரிங்கைப் போட்டோ எடுத்துக்கொண்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். அறுநூறு ரூபாய்க்கு ஒரு லோக்கல் சாமான் கிடைத்தது, அது ஏழு உழவுச் சால் ஓடி எட்டாவது சாலில் பொடியாகி எண்ணெயோடு வந்தது. பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய இன்னொன்றைச் சுற்றிப் பார்த்தால் சொம்புக்குள் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டுகிற மாதிரி சத்தம் வந்தது.

அவள் வீட்டுக்காரன் சென்னியப்பன் இன்னும் அதே பண்ணையில்தான் இருந்தான், முட்டையை விளக்குக்கு நேரே பிடித்து நல்லது கெட்டது பார்க்கிற வேலை. கோயமுத்தூரிலிருந்து அவள் வெறுங்கையோடு திரும்பிய அன்று, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் அவன் சொன்னான், "மேனேஜர் கேட்டாருபுள்ள. அட்டை அடுக்கற எடத்துல ஒரு ஆள் வேணுமாமா." அன்றைக்கு அமராவதி சோற்றில் கை வைக்கவில்லை. அடுத்த நாள் காலையில் தலைக்குக் குளித்துவிட்டு முனியப்பன் கோயிலுக்குப் போனாள்.

சுள்ளிமேட்டு முனியப்பன் உட்கார்ந்த நிலையிலேயே பதினைந்தடி உயரம், மீசை மட்டும் ஒரு முழம் இருக்கும், ஆனால் காது மந்தம். என்றைக்கோ ஒரு திருவிழாவில் யாரோ ஒரு புண்ணியவான் அதிர்வேட்டை அவருடைய வலது காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கொளுத்திவிட, காதின் சுதை தெறித்து விழுந்தது, அதிலிருந்து சாமிக்கு அந்தக் காது சுத்தமாகக் கேட்பதில்லை, இடது காதும் அரைகுறைதான். கன்னு வேண்டுமென்று கேட்ட மாரப்பனுக்குக் கன்றுக்குட்டி வரவில்லை, அவன் அப்பாவுக்கு மங்கலாக இருந்த கண்ணு தெளிவாகத் தெரிந்தது. மகனுக்கு வேலை கேட்ட குடும்பத்துக்குப் பத்து வருஷமாகத் தகராறில் கிடந்த வேலி ஒரே நாளில் தீர்ந்தது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, கொடுத்தமட்டும் லாபம் என்று வாங்கிக்கொண்டு, சாமியின் இடது தோளில் ஏணியைச் சாய்த்து ஏறி, கேட்க வேண்டியதை இரண்டு மூன்று வார்த்தைக்குள் சுருக்கிக் காதோரம் உரக்கக் கத்த வேண்டும் என்று ஒரு வழக்கத்தை ஊர் ஏற்படுத்திக்கொண்டது. நீளமாகச் சொன்னால் சாமிக்குக் கலங்கிப் போய்விடும்.

பூசாரி நாச்சிமுத்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். "என்னன்னு கத்தப் போற அம்மிணி?"

"கியர்பாக்ஸ் பேரிங்குன்னு கத்தலாம்னு இருக்கறனுங்."

"அட, வேண்டாம் சாமி! பேரிங்குன்னா அவருக்கு என்ன தெரியும், பேருன்னு கேட்டுக்கிட்டு உனக்கு ஊருக்குள்ள நல்ல பேரு வாங்கிக் குடுத்துருவாரு. பேரை வெச்சுக்கிட்டு எதை உழுவறது? குண்டுன்னு கேளு."

அமராவதி ஏறினாள், மூச்சை இழுத்துப் பிடித்தாள், "குண்டு குடு! கோளி தர்றேன்!" என்று கத்தினாள். சுள்ளிமேட்டில் யார் வாயிலும் கோழி கோழியாக வந்ததில்லை, கோளிதான். அவள் கத்திய அதே நேரத்தில் மெயின் ரோட்டில் ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது, குடுவும் தர்றேனும் அந்தச் சத்தத்தில் அடிபட்டுப் போக, குண்டும் கோளியும் மட்டும் சாமியின் காதுக்குப் போய்ச் சேர்ந்ததாகத்தான் ஊர் பிறகு நினைத்துக்கொண்டது. மூன்றாம் நாள் செவலை அலுமினியச் சட்டிக்குள் ஏறி உட்கார்ந்தது.

தாவூது பாய் வெர்னியரை எடுத்து அந்தக் குண்டை அளந்தார், துடைத்து அளந்தார், கண்ணாடி போட்டுக்கொண்டு இன்னொரு தரம் அளந்தார்.

"மயிரிழை கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. எந்தக் கடை?"

"கோளிங்க பாய்."

"எந்தக் கோளி?"

"நம்ம செவலைதான்."

தாவூது பாய் குண்டை மோந்து பார்த்தார். "கிரீஸ்ல போட்டு வையி தங்கச்சி, துரு ஏறிரும்" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. முப்பது வருஷம் மெக்கானிக்காக இருப்பவர், நல்ல சாமான் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஒழுங்கான பதில் வராது என்பது அவருக்கு அனுபவம்.

அடுத்த நாள் ஒரு குண்டு, அதற்கடுத்த நாள் ஒரு குண்டு, தினமும் ஒன்பது மணிக்கு டங்கென்று ஒரு சத்தம். ஊர் வந்து பார்த்தது. பிள்ளைகள் விளையாடும் கோலிக்குண்டைக் கோளிக்குண்டு என்றுதான் சுள்ளிமேடு ஆதியிலிருந்து சொல்லி வந்திருக்கிறது, கோழிக்கும் அதற்கும் என்ன ஒட்டு என்று ஒருத்தரும் கேட்டதில்லை. இப்போது எல்லாருக்கும் புரிந்துவிட்டது. "அதானே பாத்தேன், பெரியவங்க சும்மாவா பேரு வெச்சிருப்பாங்க" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். சனிக்கிழமை கவிச்சி தொடாத ஒரு பெரியவர் இந்தக் குண்டைக் கையில் வாங்கலாமா கூடாதா என்று கேட்டார். முட்டை என்றால் கூடாது, இரும்பு என்றால் கூடும், அரை நாள் பேசிப் பார்த்துவிட்டு, சனிக்கிழமைகளில் எட்ட நின்று பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவானது. உடம்பில் இரும்புச் சத்து இறங்கிப் போய்விடும் என்று பெண்கள் செவலைக்கு முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்து போட்டார்கள். இரண்டு மூன்று வீடுகளில் தங்கள் கோழிக்குக் கம்போடு திருகாணியைக் கலந்து வைத்துப் பார்த்தார்கள், அவை கம்பைத் தின்றுவிட்டுத் திருகாணியை வரிசையாக ஒதுக்கி வைத்தன. கிணற்று மோட்டார் ரிப்பேரான ஒருவன், "கொஞ்சம் சின்ன சைசுல போடுமாக்கா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் கோழியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பண்ணை மேனேஜர்கூட வந்தார். கோழியைத் தூக்கிப் பார்த்து, தீவனம் என்ன, தண்ணீர் என்ன என்று விசாரித்து, தன்னிடம் இருக்கிற அறுபதாயிரம் வெள்ளைக் கோழிகளில் ஒன்றுக்குக்கூட இந்தப் புத்தி வரவில்லையே என்று வருத்தப்பட்டுக்கொண்டு போனார்.

எட்டு நாளில் எட்டுக் குண்டு சேர்ந்தது. ஒன்பதாம் நாள் கணக்குக்கு மேலே ஒன்பதாவதாக ஒரு குண்டையும் போட்டது. அமராவதி எல்லாவற்றையும் கிரீஸ் டப்பாவில் எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகத் தாவூது பாயிடம் போனாள், அவர் பழைய பேரிங்கின் வளையங்களைக் கையில் வைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்க்காமலே பேசினார்.

"தங்கச்சி, கோவிச்சுக்காத. ஆரம்பத்துலயே சொல்லியிருக்கோணும், கோளி போடற சந்தோசத்துல நானும் மறந்துட்டேன். குண்டு மட்டும் புதுசா இருந்து என்ன பண்றது? உள் வளையமும் வெளி வளையமும் பள்ளம் பள்ளமா தேஞ்சு கெடக்கு. இதுல இந்தக் குண்டைப் போட்டா ஒரே நாள்ல தின்னுரும்."

அமராவதி டப்பாவை எடுத்துக்கொண்டு திரும்பினாள். வீட்டுக்கு வந்தவள் டப்பாவைச் சட்டிக்குள் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, வாசப்படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அட்டை மேல் அட்டையாக, முப்பது முப்பதாக, அந்தப் பண்ணை முழுக்க அவள் கண் முன்னால் வந்து நின்றது. அவள் அழுதுகொண்டிருக்கும்போதே செவலை சட்டிக்குள் ஏறி, குண்டுகளை அலகால் ஒன்று சேர்த்து, இறகைப் பரப்பி அதன் மேல் உட்கார்ந்தது. ஒரு குண்டை மட்டும் வெளியே தள்ளியது. அமராவதி எடுத்து உள்ளே வைத்தாள், மறுபடி தள்ளியது, மூன்றாம் தரம் வைத்தபோது அவள் கையை நறுக்கென்று கொத்தியது.

வேலை முடிந்து வந்த சென்னியப்பன் குனிந்து பார்த்தான். பார்த்தவன் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டே போனான்.

"அமரா, இது அடைக்கு உக்காந்துருச்சுபுள்ள."

"குண்டு மேலயா?"

"முட்டை மேல உக்கார்றப்ப மட்டும் அது உள்ளுக்குள்ள பாத்துட்டா உக்காருது? தள்ளி விட்டுச்சே, அது கூமுட்டையா இருக்கும். எடுத்து வெய்யி."

கூமுட்டை என்று ஒதுக்கப்பட்ட ஒன்பதாவது குண்டை அமராவதி முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள். தூக்கிப் போட அவளுக்கு மனசு வரவில்லை.

அப்புறம் ஊர் நாள் எண்ண ஆரம்பித்தது. இருபத்தொரு நாள் என்றார்கள். தண்ணீருக்குப் போகிறவர்கள், ரேஷனுக்குப் போகிறவர்கள், எல்லாரும் அந்த வாசலில் நின்று ஒரு எட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள், பார்க்கிறவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். சென்னியப்பன் ஏழாம் நாள் ஒரு குண்டை எடுத்துப் பண்ணையில் செய்வதுபோல டார்ச்சுக்கு நேரே பிடித்துப் பார்த்தான், இரும்புக்குள் என்ன தெரியும், ஒன்றும் தெரியவில்லை. பன்னிரண்டாம் நாள் காதில் வைத்துப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். "சுத்துது" என்றான். தாவூது பாயைக் கூப்பிட்டு அவர் காதிலும் வைத்தான். "ஓசை சுத்தமா இருக்குது, ஆட்டமில்ல" என்று சொல்லிவிட்டு அவர் பட்டறைக்குப் போய், அன்றைக்கே கியர்பாக்ஸை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் துடைத்து, வெள்ளைத் துணி போட்டு மூடி வைத்தார்.

பதினெட்டாம் நாள் மழை பெய்தது, நல்ல மழை. அடுத்த நாள் காலையில் கரட்டுக்கு அந்தப் பக்கம் முக்கால் ஏக்கர் வைத்திருக்கிற ருக்குமணியக்கா, பதினாலு குடும்பத்துக்கும் சேர்த்துப் பேச வந்தாள்.

"ஏம்மிணி, இன்னும் எத்தனை நாளுதான்? வெதைக்கடலையை ஒடைச்சு வெச்சுட்டோம். ஈரம் ஒரு எட்டு நாளைக்கு நிக்கும், அதுக்கு மேல மண்ணு கல்லாப் போயிரும். உன்ற கோளிகிட்டச் சொல்லு."

"மூணு நாளுதானுங்க்கா."

"ஆட்டும். உன்னை நம்பித்தான் நாங்க இருக்கறோம், பாத்துக்க." ருக்குமணியக்கா கோழியையும் ஒரு முறை முறைத்துவிட்டுப் போனாள்.

இருபத்தொன்றாம் நாள் ஊரே வாசலில் கூடி நின்றது, ஒன்றும் நடக்கவில்லை. செவலை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சாயங்காலம் கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது, யாரும் அவளைத் திட்டவில்லை, அதுதான் அமராவதிக்குத் தாங்க முடியவில்லை. சென்னியப்பன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "இருவத்தொண்ணு கோளிக்குப்புள்ள. வாத்துக்கு இருவத்தெட்டு. பேரிங்குக்கு எத்தனைன்னு எந்தப் பண்ணையிலயும் எழுதி வெக்கலியே" என்றான். பண்ணையில் ஆள் எடுத்துவிட்டார்களா என்று அவள் கேட்டாள், அவன் எழுந்து போய்ச் செவலைக்குத் தண்ணீர் வைத்தான்.

இருபத்திரண்டாம் நாள் உச்சி வெயிலில், வாசலில் யாருமே இல்லாத நேரத்தில், செவலை எழுந்து உடம்பை நீட்டிச் சோம்பல் முறித்துச் சட்டியை விட்டு இறங்கியது. வைக்கோலுக்கு நடுவே, கிரீஸ் பிசுபிசுக்க, உள் வளையமும் வெளி வளையமும் நடுவில் எட்டுக் குண்டுமாக ஒரு முழுப் பேரிங்கு ஈரத்தோடு கிடந்தது. அமராவதி விரல் நுனியால் தொட்டாள், அது சத்தமே இல்லாமல் சுற்றியது, அவள் விரலை எடுத்த பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தது.

பேரிங்கைக் குழாய் வைத்துச் சுத்தியலால் அடித்து இறக்குவதுதான் முறை, ஆனால் தாவூது பாய் சுத்தியலைத் தொடவில்லை. "பொறந்து ஒரு மணி நேரமாகல, அது மேல அடிக்கறதா?" என்று கடிந்துகொண்டு, இரண்டு உள்ளங்கையாலும் பொத்திச் சூடேற்றி ஷாஃப்ட்டின் வாயில் வைத்தார், அது தானாகவே உள்ளே போய் உட்கார்ந்தது. மூடியை மாட்டி எண்ணெய் ஊற்றி வண்டியைக் கிளப்பினார்கள். முதல் கியர் சரி, இரண்டாவது சரி, மூன்றாவதில் போட்டதும் கியர்பாக்ஸுக்குள்ளிருந்து கீ... கீ... என்று ஒரு குரல் வந்தது, வண்டி நின்றது. எல்லாரும் தலையில் கை வைத்தார்கள். அந்தக் குரலைக் கேட்டு வாசலிலிருந்து ஓடி வந்த செவலை ஒரே தாவில் மட்கார்டின் மேல் ஏறி உட்கார்ந்து, கொக் கொக் என்றது. உள்ளே குரல் அடங்கியது, வண்டி நகர்ந்தது.

நான்கு நாளில் பதினாலு காடும் உழுதாயிற்று. காலையில் சந்து முனையில் வண்டி நிற்கும், "கோளி ஏறிருச்சா?" என்று அமராவதி கேட்பாள், "ஏறிருச்சுங்!" என்று பின்னால் விதைக்கூடையோடு வருகிறவர்கள் சொல்வார்கள், அப்புறம்தான் வண்டி நகரும். இரண்டு நாளில் அதை யாரும் ஒரு விசேஷமாகவே பார்க்கவில்லை. செவலை புழு பொறுக்க இறங்கிக் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டால் கியர்பாக்ஸ் சிணுங்கும், அமராவதி கிளட்ச்சை மிதித்துக்கொண்டு காத்திருப்பாள், அந்த நேரத்தில் ருக்குமணியக்கா வெற்றிலை போட்டுக்கொள்வாள்.

கடைசிக் காட்டில் கடைசி சால் முடிந்த அன்று பூசாரி நாச்சிமுத்து வரப்பில் வந்து நின்றார். அவருக்கும் சொல்ல விருப்பமில்லைதான்.

"அம்மிணி, சாமி கேட்டதைக் குடுத்துட்டாரு. நீ சொன்ன சொல்லு பாக்கியிருக்குது. ஞாயித்துக்கெளமை கோளியைக் கொண்டு வந்துரு."

"வேற கோளி கொண்டாரட்டுங்ளா? சேவலாவே நாலு கொண்டாரனுங்."

"உன்ற கிட்ட இருந்தது ஒரே கோளிதான். அதை மனசுல வெச்சுத்தான நீ கத்துன?"

அவளால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. செவலை போய்விட்டால் கியர்பாக்ஸுக்குள் இருப்பது அந்தக் குரலில் கத்திக்கொண்டே இருக்கும், வண்டி வேப்பமரத்தடிக்குப் போகும், அவள் அட்டைக்குப் போக வேண்டும். கொடுக்காவிட்டால் சாமிக்குச் சொன்ன சொல்லைத் தின்றவள் ஆவாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வண்டியைக் கிளப்பினாள், கோழி எப்போதும்போல மட்கார்டில் ஏறிக்கொண்டது, எங்கே போகிறோம் என்று அதற்குத் தெரியாததை நினைத்து வழி முழுக்க அமராவதி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே ஓட்டினாள்.

முனியப்பனுக்குக் கோழி கொடுப்பதில் ஒரு முறை உண்டு. கோழியைச் சாமி முன்னால் நிறுத்தி மஞ்சள் தண்ணீரை ஊற்றுவார்கள், அது உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும், உதறினால் சாமி ஏற்றுக்கொண்டார் என்று உத்தரவு. நாச்சிமுத்து ஒரு சொம்பு ஊற்றினார். செவலை நனைந்தபடி நின்றது. இன்னொரு சொம்பு ஊற்றினார், மூன்றாவதும் ஊற்றினார். தண்ணீர் பட்டால் எந்தக் கோழியும் உதறத்தான் உதறும், அது கோழியின் குணம், ஆனால் செவலை இறகோடு இறகு ஒட்ட, சொட்டச் சொட்ட, ஆடாமல் அசையாமல் நின்று சாமியைப் பார்த்தது. வெயில் ஏறியது, ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை.

"உத்தரவு வரமாட்டீங்குது" என்றார் நாச்சிமுத்து. "கோளி வேண்டாங்கறாரு. வேற என்னமோ வேணுங்கறாரு. என்னன்னு தெரியலியே."

"கேட்டுப் பாக்கறது" என்றார் கோயில் வாசலுக்கு வெளியே வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த தாவூது பாய்.

அமராவதி ஏணியில் ஏறினாள். கத்துவதற்கு மூச்சை இழுத்தவள், அப்படியே நிறுத்தினாள். இத்தனை வருஷமாக இந்த ஏணியில் ஏறியவர்கள் எல்லாரும் அவர் காதில் வாயை வைத்தவர்கள்தான், அவர் வாயில் காதை வைத்தவர் யாருமில்லை என்று அவளுக்கு அப்போதுதான் பட்டது. ஒரு கையால் சாமியின் மீசையைப் பிடித்துக்கொண்டு எக்கி, அந்தப் பெரிய சுதை உதட்டில் காதை வைத்து, "உனக்கு என்ன சாமி வேணும்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

கீழே நின்றவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் முகம் மட்டும் மாறுவது தெரிந்தது. கண்ணில் தண்ணீரோடு அவள் சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

"என்ன சொன்னாரு?"

"கோளி இல்லீங்களாமா, பூசாரிங்க. நான் கோளி தர்றேன்னு கத்துனது அவருக்குக் கோலின்னு கேட்டுருக்குது. கோலி தர்றேன்னு சொல்லிப்போட்டு இத்தனை நாளா கொண்டாரலியேன்னு கேக்கறாருங்."

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, கூமுட்டை என்று ஒதுக்கப்பட்ட அந்த ஒன்பதாவது குண்டை எடுத்துச் சாமியின் காலடியில் வைத்தாள். நாச்சிமுத்துவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, முறை முறைதானே என்று அதன் மேலும் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் வழிந்து இறங்கியது. ஒரு நொடி சும்மா கிடந்த குண்டு, பிறகு தலையிலிருந்து வால்வரை சேவல் சிலிர்க்கிற மாதிரி சிலிர்த்து உதறியது, முன்வரிசையில் நின்றவர்கள் முகத்திலெல்லாம் தண்ணீர் தெறித்தது. பக்கத்தில் நின்ற செவலையும் அப்போதுதான் உடம்பை உதறிக்கொண்டு, யாரையும் கேட்காமல் நடந்து போய் மட்கார்டில் ஏறி உட்கார்ந்தது. ருக்குமணியக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏறிருச்சுங்!" என்று கத்தினாள்.

அதற்குப் பிறகு அந்தக் குண்டு முனியப்பன் காலடியில் வைத்த இடத்தில் இருந்ததே இல்லை. காலையில் நாச்சிமுத்து கூட்ட வரும்போது மண்ணில் உருண்ட தடம் இருக்கும், சாமிக்கு நேரே கோலி விளையாடப் பறித்த மாதிரி வட்டமாக ஒரு குழி இருக்கும், அதை மட்டும் விட்டுவிட்டு அவர் மற்ற இடத்தைக் கூட்டுவார். ஊர்க்காரர்கள் இப்போதும் ஏணியில் ஏறித்தான் கத்துகிறார்கள், கத்திவிட்டு இறங்குவதற்கு முன் உதட்டில் காதை வைத்தும் பார்க்கிறார்கள். அமராவதி உழவுக்குப் போகும்போது தினமும் வண்டியைக் கோயிலுக்கு எதிரே நிறுத்தி, மட்கார்டில் கோழி காத்திருக்க, சேலையைச் செருகிக்கொண்டு மண்டியிட்டு, நடுவிரலை வளைத்துக் குண்டை ஒரே ஒரு தரம் குழியைப் பார்த்து அடித்துவிட்டுப் போகிறாள். அடுத்த ஆட்டம் அவருடையது. இதுவரைக்கும் அவள் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.